ரிலீவர் வரும் வரை

வடலூர்,
வெள்ளிக்கிழமை பிற்பகல்

அன்பு மகன் சரவணனுக்கு,

இந்தக் கடிதத்தில் வரப்போகிறவை:

1. விழாவைக் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது. யாருக்காகவும் காத்திருக்காமல் இருப்பது.
2. பெயர்களைப் பிழையில்லாமல் வாசிப்பது.
3. பிள்ளைகள் செய்ய வேண்டியதைப் பெரியவர்கள் செய்யாமல் இருப்பது.
4. எதைச் சாதனை என்று மேடையில் சொல்வது. (இதில் எனக்கே தெளிவில்லை.)
5. வேளைக்குச் சாப்பிடுவது. (இது உன் அம்மா சேர்க்கச் சொன்னது.)

"ஆண்டு விழா வைக்கப் போறேன்பா. இந்த ஸ்கூல்ல இதுவரைக்கும் யாருமே வைச்சதில்லையாம். என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுன்னு பாயிண்ட் பாயிண்ட்டா எழுதி அனுப்புங்க" என்று போனில் கேட்டாய். பத்துக் குறிப்புகளாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்குத் தேறியது ஐந்துதான். அவற்றில் எத்தனை உனக்குப் பயன்படும் என்றும் தெரியவில்லை. நீ தலைமையாசிரியர், மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்றை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறாய். நான் சுரங்க அலுவலகத்தில் இயந்திரங்களை வரைந்து ஓய்வுபெற்ற வரைபடக்காரன். பள்ளிக்கூடம் நடத்துவதைப் பற்றி உனக்கு நான் எழுதுவது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். நாளைக்கு இங்கும் ஆண்டு விழா. டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் அந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் நூலகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போய்ப் புத்தகங்களை அடுக்கிக் கொடுக்கிறேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் தலைமையாசிரியை என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்க வேண்டும், மேடையோரம் நின்று பரிசு பெறுகிறவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டும். மைக் முன்னால் நிற்பதை நினைத்தாலே இப்போதே நாக்கு உலர்கிறது.

முதல் குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். நீ ஆறாம் வகுப்பில் படித்தபோது நடந்த விழா உனக்கு நினைவிருக்கும். சிறப்பு விருந்தினர் ஒருவர் வரவேண்டியிருந்தது. வரவேற்பதற்காக உங்களை வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெயில் இறங்கிய பிறகும் அவர் வரவில்லை. உனக்கு முன்னால் நின்ற பையன் மயங்கி விழுந்தான். நீ கையிலிருந்த சாமந்திப் பூக்களை எல்லாம் பிய்த்துத் தின்றுவிட்டாய் என்று வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். காத்திருக்க வைப்பது என்பது வலுவானவன் எளியவனுக்குச் செய்கிற காரியம் என்று அன்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாளைய நிரலிலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரில் நேரத்தைக் குறித்திருக்கிறேன். உன் பள்ளியிலும் யாருக்காகவும் காத்திருக்காதே.

பெயர்களைப் பற்றி. நேற்று ஒத்திகையில் "வே. தேன்மொழி" என்று வாசித்தேன். பத்தாம் வகுப்புப் பெண். மும்முறைத் தாண்டுதலில் மாநில அளவில் முதலிடம் பெற்றவள். அவள் தூணுக்குப் பக்கத்திலிருந்து நேராக என்னிடம் வந்தாள்.

"சார், வே இல்லீங்க. த.வே."

"இரண்டு இனிஷியலா அம்மா?"

"அம்மா தமிழரசி, அப்பா வேலு. ரெண்டு பேரும்தான சார் வளக்குறாங்க?"

நான் உடனே திருத்தி எழுதிக்கொண்டேன். பள்ளிப் பதிவேட்டிலேயே அப்படித்தான் இருந்தது. படியெடுத்தபோது நான்தான் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன். உன் பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே அவர்கள் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள். பரிசை எடுத்து வைத்துக்கொள்ள வீட்டில் அலமாரி இல்லாத பிள்ளைக்கும் அந்தப் பெயர் காதில் இருக்கும்.

மூன்றாவது குறிப்புக்கு உதாரணம் நான்தான். மாறுவேடப் போட்டிக்கு நீ சுரங்கத்தில் மண்ணைத் தோண்டும் ராட்சதச் சக்கரமான பக்கெட் வீலாகப் போக ஆசைப்பட்டாய். அலுவலகத்தில் அந்த இயந்திரத்தை வரைந்து பழகியவன் என்ற கர்வத்தில் நான் அட்டையிலும் மூங்கில் குச்சியிலும் அதை அளவு பிசகாமல் செய்தேன். ஒரு பக்கெட்டுக்குக் கூட உன்னைக் கத்தரிக்கோல் எடுக்க விடவில்லை. விழா அன்று பார்த்தால், சக்கரம் அரங்கத்தின் கதவுக்குள் நுழையவில்லை. ஒரு வாரம் எல்லாவற்றையும் அளந்தவன் கதவை அளக்கவில்லை. நீ வெளியே வராந்தாவில் நின்று சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாய்; நடுவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கிடைத்த ஆறுதல் பரிசை என் கையில் கொடுத்து, "இது உங்களுக்குத்தான்பா" என்றாய். கிண்டலாகச் சொன்னாயா, அன்பாகச் சொன்னாயா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான்காவது. தலைமையாசிரியை ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத ஒரு பெயர் கேட்டிருந்தார். வந்த பெயர்களைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், தமிழ் தெரியாமல் ஏழாம் வகுப்பில் சேர்ந்தவன், இந்த ஆண்டு காலை வணக்கத்தில் செய்தி வாசிக்கிறான். திக்குவாய் உள்ள ஒரு பெண் வினாடி வினா அணியின் தலைவி. இவற்றுக்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "தலைப்பு எதுக்கு சார்? நடந்ததை வாசிங்க, போதும்" என்றார் தலைமையாசிரியை. அதையே உனக்கும் சொல்கிறேன்.

அந்த அம்மாள் செய்திருக்கும் இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். நாளைக்கு ஒரே விழா இரண்டு தடவை நடக்கப்போகிறது. போன மாதக் கூட்டத்தில் நான் வழக்கம் போல மாலை ஐந்து மணி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஊர்ல மூணு ஷிப்ட் ஓடுது. விழா மட்டும் ஏன் எப்பவும் ஜெனரல் ஷிப்ட் ஆளுங்களுக்குத் தோதாவே நடக்குது?" என்று கேட்டார். மாலையில் வைத்தால் செகண்ட் ஷிப்டில் இருக்கும் பெற்றோர் வர முடியாது, காலையில் வைத்தால் முதல் ஷிப்டில் இருப்பவர்கள் வர முடியாது. அதனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதே பிள்ளைகள், அதே பரிசுகள், இரண்டு தடவை. கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுப்பது நாடகம் மாதிரி ஆகிவிடாதா என்று நான் மெதுவாகக் கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். என் வேலை முழுவதும், காலையில் போய் மாலையில் திரும்பும் ஜெனரல் ஷிப்டிலேயே முடிந்துபோனது. உன் பள்ளி விழா ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. வராத அப்பாக்களைப் பற்றி அப்போதெல்லாம் மனதுக்குள் என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தேன்மொழிக்கு மட்டும் ஒரே விழாதான். மாலை விழாவுக்கு அவள் இருக்க மாட்டாள். அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது; நாளை இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். மதியம் வடலூரில் பஸ் ஏறுகிறாள். அவள் அப்பா வேலு சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறார், நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிப் போடும் வேலை. மகள் தாண்டியதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். லீவு கேட்கலாமே என்று அவள் அம்மா தமிழரசியிடம் சொன்னேன். "குடுக்க மாட்டாங்கன்னு இல்லீங்க ஐயா. கேக்கறதுக்கே அவருக்கு வெக்கம். பத்து தடவை ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துடுவாரு" என்றார். இதை வீட்டில் சொன்னதும், நானும் அப்படித்தான் என்பதுபோல உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு முடிந்துவிடும். ஆகவே நாளை வந்துவிடுவார். எல்லாம் பொருந்தி வந்திருக்கிறது.

ஐந்தாவது குறிப்புக்கு விளக்கம் தேவையில்லை என்கிறாள் உன் அம்மா. மீதியை விழா முடிந்த பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை

வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கே நல்ல மழை. காலையில் நான் அரங்கத்துக்குப் போனபோது தமிழரசி வாசலிலேயே நின்றிருந்தார். கையில் போன்.

"என்னம்மா, வேலு வரலையா?"

"மழையில பெல்ட்டு நின்னுபோச்சாங்க. இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்குது. ஆனா மாத்தி உட்ற ஆளு இன்னும் வரலியாம். ஊருக்குள்ள தண்ணி நிக்குது, சுத்திகினு வராராம்."

அவரவர் இடத்தில் மாற்ற வருகிற ஆளை இங்கே ரிலீவர் என்பார்கள். ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. இத்தனை ஆண்டுகள் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது காதால் கேட்ட விஷயம் மட்டும்தான். வரைபட மேஜைக்கு ரிலீவர் கிடையாது. மணி அடித்தால் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வரலாம்.

பத்து மணிக்குச் சரியாகத் தொடங்கினோம். அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசைகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் செகண்ட் ஷிப்டுக்குப் போகும் சட்டையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்தார்கள். ஒடிசாப் பையன் வரவேற்புரை சொன்னான். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. நான் பெயர்களை வாசித்தேன். முதல் சில பெயர்களில் என் குரல் நடுங்கியது. பிறகு பிள்ளைகள் மேடைக்கு ஓடி வருகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் குரலை மறந்துவிட்டேன். மாநில அளவில் பரிசு என்பதால் தேன்மொழியின் பெயரைக் கடைசியாக வைத்திருந்தேன். அந்த இடம் வந்தபோது வேலு இன்னும் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. முன்வரிசைக்காரர்கள் பஸ் பிடிக்க வேண்டும். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். தேன்மொழி மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நேரம் ஆகிறது. வாசித்துவிடட்டுமா?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்திருந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க. வேலு அண்ணன் வரல."

"உங்களுக்குத்தானே பஸ்ஸுக்கு நேரமாகும்?" என்று நான் கேட்டேன்.

"ஓடிப் புடிச்சிக்கிறோம் சார். ரிலீவர் வர வரைக்கும் அவரு அங்க நின்னுகினு இருக்காரு இல்ல? அவரு வர வரைக்கும் நாங்க இங்க நிக்கிறோம். இதான ரூலு?"

"நிக்கிறதுதான் நிக்கிற, உக்காந்துகினு நில்லுய்யா. பின்னாடி மறைக்குது" என்றார் பின்னாலிருந்த ஓர் அம்மாள். அரங்கமே சிரித்தது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் நிரலில் இல்லை. ஆசிரியர்கள் யாரும் சொல்லவும் இல்லை. வினாடி வினாத் தலைவி, அந்தத் திக்குவாய்ப் பெண், மெதுவாக மேடையேறி என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள். "இ-இப்ப பெத்தவங்களுக்குக் கேள்வி" என்றாள். "பெல்ட்டு ஒரு பக்கமா ஒ-ஒதுங்கி ஓடுனா என்ன செய்யணும்?" அப்பாக்கள் நாலு பக்கத்திலிருந்தும் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். அவள் அவசரப்படாமல், நடுவரைப் போல, கையை உயர்த்தி ஒவ்வொருவராகப் பேச வைத்தாள். "பயறு நனையாம எத்தினி நாள் காயணும்?" என்று அடுத்த கேள்வி. அம்மாக்கள் பக்கம் ஆரவாரம். பள்ளி விழாவில் கைதட்டுவதைத் தவிர வேறெதற்கும் வாய் திறந்திராதவர்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுந்தார்கள். சரியாகச் சொன்ன ஓர் அம்மாவுக்கு அந்தப் பெண் தனக்குக் கிடைத்த பரிசுப் பேனாவையே கொடுத்துவிட்டாள். "சாயந்தரம் தி-திருப்பித் தரணும், எனக்கு மறுபடியும் குடுப்பாங்க" என்றாள். மறுபடியும் ஒரே சிரிப்பு. நான் ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக நான் வரிசைப்படுத்திய விழா என்னிடமிருந்து கழன்று போய்விட்டது. அது எவ்வளவு அழகாகப் போனது என்பதை உனக்கு எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை.

அப்புறம் வாசலில் ஒரு சலசலப்பு. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். முழங்கால் வரை சேறு. பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு நின்றார். உள்ளே வரவில்லை.

"உள்ள வாங்க" என்றார் தலைமையாசிரியை.

"தரை அழுக்காயிடுங்க. இங்கயே நிக்கிறேன்."

"யோவ், நம்ம ரிலீவர் வந்துட்டாருய்யா!" என்று சாப்பாட்டுப் பைக்காரர் கத்தினார். அப்போது எழுந்த கைதட்டலை நான் எந்த விருந்தினருக்கும் கேட்டதில்லை. நான் மைக்கைத் திரும்ப வாங்கி, "த.வே. தேன்மொழி" என்று வாசித்தேன். அவள் பரிசை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நடுவில் நிற்காமல் வாசலுக்கே போய் அதை அப்பா கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பி.டி. சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். இது என்னாதான் பண்ணுது? தாண்டுதுன்னு சொல்றாங்க. என்னாத்த தாண்டுது?"

பி.டி. சார் தேன்மொழியைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அரங்கம் முழுவதும் வெளியே வந்தது. மணல் குழி மழையில் ஊறிக் கறுத்திருந்தது. பிள்ளைகள் சிலர் கைகளாலேயே மணலைச் சமப்படுத்தினார்கள். அவள் துப்பட்டாவைத் தமிழரசியிடம் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடி வரை நடந்து போய்த் திரும்பி நின்றாள். சரவணா, நான் இதை எழுதுவதற்கு முன் மூன்று தடவை அடித்து அடித்து எழுதினேன். அவள் ஓடி வந்தாள். முதலில் ஒரு காலால் எழும்பி அதே காலில் இறங்கினாள். அடுத்து மறுகாலுக்கு ஓர் எட்டு. மூன்றாவது முறை தரையை உதைத்தபோது, அவள் மறுபடி கீழே வரத்தான் வேண்டும் என்பதை நான் மறந்துபோனேன். இயந்திரங்கள் மண்ணைத் தோண்டுவதை வரைந்து வரைந்து பழகிய கண் என்னுடையது. ஒரு மனித உடம்பு மண்ணை இப்படி விட்டு எழும்பும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. மணலில் இறங்கி, கைகளைத் தட்டிக்கொண்டு, சாதாரணமாக எழுந்து நின்றாள்.

வேலுதான் முதலில் பேசினார், யாரிடமோ தெரியவில்லை.

"கீழ வரதுக்கு இவ்ளோ நேரமாவுது, பாருங்களேன்."

அதற்குள் சாப்பாட்டுப் பைக்காரர்கள் பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்கள். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்து ஒருவர், "இன்னொருக்கா தாண்டச் சொல்லு அண்ணே!" என்று கத்தினார். அவள் இன்னொரு முறை தாண்டினாள். மதியம் அவள் பஸ் ஏறும்போது வேலு அந்தச் சேறு படிந்த உடுப்பிலேயே வழியனுப்ப வந்திருந்தாராம், உன் அம்மா கடைத்தெருவில் பார்த்திருக்கிறாள். மாலை விழாவும் நடந்தது. அதே பரிசுகள், அதே பெயர்கள். நாடகம் போல இருக்கவில்லை. பேனா திரும்பி வந்திருந்தது.

உனக்கு என்ன எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உன் மலையில் சுரங்கம் இல்லை, ஷிப்ட் இல்லை. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் விட்டுவிட்டு வர முடியாத இடம் ஒன்று இருக்கும். அது எனக்குத் தெரியாது. உனக்கும் இப்போதைக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் பக்கத்தை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் நினைத்திருந்தது உனக்குத் தெரிந்திருக்கட்டும். குறித்த நேரத்தில் தொடங்கு, அதில் மாற்றமில்லை. யாருக்காகவும் காத்திருக்காதே என்று எழுதினேனே, அது தவறு. மேடையில் உட்கார வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டாம். வாசலில் நிற்க வருகிறவருக்காகக் காத்திரு.

அன்புடன்,
அப்பா